ஏழாம் வகுப்புக்குத் திருமயத்திலிருந்து மூன்று கல்

1

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்: தலைமை ஆசிரியர், அறிவியல் துறைத் தலைவர் ஷரீஃபா மேடம், ஏழாம் வகுப்பு மாணவி ஆய்ஷத், அவளுடைய அப்பா, குற்றவாளியாக நான். வராதவர், அந்தப் பயிற்சித்தாளைத் தயாரித்தவர். அவர் எந்த ஊர், ஆணா பெண்ணா என்பது எனக்குத் தெரியாது. இணையத்தில் கிடைத்தார், இணையத்திலேயே தொலைந்தும் போனார்.

மாலத்தீவில் ஒரு சின்னத் தீவில் நான் அறிவியல் வாத்தியார். வந்து இரண்டு வருடம் முடிகிறது. வேகமாக நடந்தால் அரை மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கலாம். பள்ளிக்கூடம், மசூதி, இரண்டு கடை, படகுத்துறை, மீதியெல்லாம் வெள்ளை மணல். பாடம் ஆங்கிலத்தில். பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது திவேஹியில். நான் எனக்குள் பேசிக்கொள்வது தமிழில். மூன்றும் ஒரே வகுப்பறையில் முட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் "ஓகேவா?" என்று நான் கேட்பதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது படகுத்துறையில் மீன் இறக்குகிறவர்கள்கூட என்னைப் பார்த்தால் "ஓகேவா?" என்கிறார்கள்.

நடந்த குற்றம் இதுதான். பாறைகளை வகைப்படுத்தச் சொல்லும் ஒரு பயிற்சித்தாளை இணையத்திலிருந்து எடுத்தேன். விடைத்தாளும் சேர்ந்தே வந்தது. வண்ணப்படம், ஓரத்தில் பூ, பார்க்கவே அவ்வளவு லட்சணம். அந்த விடைத்தாளில் கிரானைட் படிவுப்பாறை என்று இருந்தது. வகுப்பில் பதினாறு பேர். பதினாலு பேர் தீப்பாறை என்று எழுதியிருந்தார்கள். பதினாலு பேருக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். எப்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கும் இரண்டு பையன்கள் படிவுப்பாறை என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி, நோட்டை உயர்த்திக் காட்டி, கைதட்டச் சொன்னேன். பதினாலு பேரும் தட்டினார்கள்.

ஆய்ஷத் அன்றைக்கே நூலகத்துப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் ஒரு படகின் எஞ்சின் மெக்கானிக். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இந்த விடைக்கு ஆதாரம் யார்?" என்றார் ஷரீஃபா மேடம்.

"இணையம், மேடம்."

"இணையத்தில் யார்?"

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் பூதான் இருந்தது.

"உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சேரும்போது எழுதியிருந்தீர்கள்?"

"கல் குவாரியில் கல் உடைக்கிறார், மேடம்."

"என்ன கல்?"

"கிரானைட்."

தலைமை ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஷரீஃபா மேடம் சிரிக்கவில்லை. நம்பத்தகுந்த பாடத் துணைப்பொருட்களின் பட்டியல் ஒன்றை நான் தயாரிக்க வேண்டும். ஐந்து வாரம் கழித்து, வியாழக்கிழமை முதல் பாடவேளையில், பாறை பற்றிய அடுத்த பாடத்தை அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்பதை அதை வைத்துத்தான் எழுதுவார். ஒவ்வொரு பொருளுக்கும் ஆதாரம் கேட்பார். இதையெல்லாம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

2

அறையில் என்னோடு தங்கியிருக்கும் கணக்கு வாத்தியார் ஸ்டீபன் சார் நாகர்கோவில்காரர். நடந்ததைக் கேட்டார். பிறகு, "கல்லு விஷயத்துல கல்லுக்காரன் மவன் பெயிலு. இத நான் ஊர்ல சொன்னா எவன் நம்புவான்?" என்றார்.

அவருக்குப் புரியாத ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அச்சில் வந்ததை எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. எங்கள் ரேஷன் கார்டில் அம்மாவின் வயதைத் தவறாக அடித்துவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி அம்மாவுக்கும் அக்காவுக்கும் நான்கே வயது வித்தியாசம். யாரும் திருத்தப் போகவில்லை. யாராவது வயது கேட்டால், "இரு, கார்டப் பாத்துச் சொல்றேன்" என்று அம்மா உள்ளே போவாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவனுக்கு விடைத்தாள் என்பது தாசில்தார் கையெழுத்து மாதிரி.

ஆனாலும் தேடினேன். வாயு வேகத்தில் பேசும் ஒருவரின் வீடியோ கிடைத்தது. அவர் இரண்டு நிமிடம் எரிமலையைக் காட்டி, ஆறு நிமிடம் தன் சேனலுக்குச் சந்தா கேட்டார். இன்னொரு தளத்தில் எல்லாம் இலவசம். பதிவிறக்கப் போனால் கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்டது. மூன்றாவது தளம் உண்மையிலேயே நல்ல தளம். பெயர் போட்டு, படிப்புப் போட்டு, பேராசிரியர்கள் சேர்ந்து எழுதியது. நம்பிப் படித்தேன். முதல் செயல்பாடு: 'மாணவர்களை அருகிலுள்ள குன்றுக்கு அழைத்துச் செல்லவும்.'

எங்கள் தீவின் மிக உயரமான இடம் பள்ளிக்கூடத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி.

இரண்டாவது செயல்பாடு: 'தோட்டத்தில் கிடக்கும் மூன்று விதக் கற்களைச் சேகரிக்கவும்.' தீவு முழுக்க ஒரே விதம்தான், பவளக்கல். அதையும் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. பழைய வீட்டுச் சுவர் இடிந்தால்தான் உண்டு. பிறந்ததிலிருந்து இந்தப் பிள்ளைகள் ஒரு கருங்கல்லைக் கையில் தூக்கியதில்லை. இப்ராஹிம் என்று ஒரு பையன், "சார், மலை உள்ளே கூடாக இருக்குமா, நிறைந்து இருக்குமா?" என்று கேட்டான். பேருந்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் குவாரி என்று வளர்ந்தவன் நான். எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. வராததால் பதிலும் தயாராக இல்லை.

அன்றைக்குத்தான் தோன்றியது. அச்சில் வராத, யாரும் தயாரிக்காத, பொய் சொல்லத் தெரியாத துணைப்பொருள் எங்கள் ஊரில் லோடு லோடாகக் கிடக்கிறது.

3

அக்கா செல்வி புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரான திருமயத்திலேயே, அப்பாவோடு இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். அக்கா மகள்தான் எடுத்தாள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறாள். "ஹலோ அங்கிள்" என்றாள். "மாமான்னு சொல்லும்மா" என்றேன். "மாமா அங்கிள், அம்மாட்டக் குடுக்குறேன்" என்றாள்.

"அக்கா, எனக்கு மூணு கல்லு வேணும்."

"என்ன கல்லுடா, மோதரத்துக்கா?"

"இல்லக்கா. கருங்கல்லு ஒண்ணு, வரி வரியாக் கோடு ஓடுமே அது ஒண்ணு, செவப்பா ஓட்டை ஓட்டையா இருக்குமே அந்தச் செம்பராங்கல்லு ஒண்ணு. கைக்குள்ள அடங்குற மாதிரி. பார்சல்ல அனுப்பணும்."

"தம்பி, ஒனக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு? மத்த வீட்ல எல்லாம் வெளிநாட்டுலேர்ந்து தங்கம் வருது. எங்க வீட்லதான் இங்கேருந்து அங்கிட்டுக் கல்லு போகுது."

விவரம் சொன்னேன். பாடம், ஷரீஃபா மேடம், ஒப்பந்தம் எல்லாம். கடைசி வார்த்தைதான் அவள் காதில் விழுந்தது. "அப்ப இந்தக் கல்லுலதான் ஒன் வேலையே இருக்கா?"

"கிட்டத்தட்ட அப்புடித்தான்க்கா."

இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அப்பா போனை வாங்கினார். "கருங்கல்லு எந்த அளவுல ஒடைக்கணும்? தேஞ்சது வேணுமா, புதுசா ஒடைச்ச மொகம் வேணுமா? கோணல்மாணலா அனுப்புனா அங்கிட்டு என்னைய என்ன நெனைப்பாங்க?" இரண்டு நாள் அதே வேலையாக இருந்திருக்கிறார். செம்பராங்கல்லுக்காகக் கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு சிநேகிதர் வீட்டுக்கே போய்விட்டார்.

புதுக்கோட்டையில் கூரியர்க்காரர் உள்ளே என்ன என்று கேட்டிருக்கிறார். கல்லு என்றிருக்கிறாள் அக்கா. மதிப்பு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். சும்மா கிடந்தது என்றிருக்கிறாள். மதிப்பில்லாத பொருளை எடுக்கக் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது என்று அவர் சொல்ல, அக்காவுக்கு ரோஷம் வந்து ஐந்நூறு ரூபாய் என்று எழுதச் சொல்லிவிட்டாள். "எங்கப்பா ஒடைச்சதுங்க, அதுக்கு மதிப்பில்லன்னா எப்புடி?" என்றும் கேட்டிருக்கிறாள்.

எல்லாம் என்னிடம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

4

பார்சல் வர மூன்று வாரம் ஆனது. அதுவும் தீவுக்கு வரவில்லை, தலைநகர் மாலேயில் நின்றுவிட்டது. சுங்க அலுவலகத்துக்கு நேரில் வரச்சொல்லித் தகவல் வந்தது. செவ்வாய்க்கிழமை ஒருநாள் விடுப்பு எடுத்து, பள்ளிக்கூடத்துக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு, இரண்டரை மணி நேரம் ஸ்பீடு போட்டில் முதுகெலும்பை உதறிக்கொண்டு போனேன். வியாழக்கிழமை பாடம்.

அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மேசைமேல் அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

மூன்று கல்லையும் கழுவி, மஞ்சளை இழைத்து முழுக்கப் பூசி, நடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் சிவப்புத் துணி. மூன்றும் வரிசையாக, முகம் மேலே பார்க்க.

புது வண்டி எடுத்தால் பொட்டு வைப்போம். போர் போடுகிற மிஷினுக்கு வைப்போம். பரீட்சைக்குப் போகும் பேனாவுக்கு வைப்போம். தம்பியின் வேலையே ஒரு கல்லில் இருக்கிறது என்றால் அதற்கு வைக்காமல் அனுப்புவாளா? ஆனால் எங்கள் பக்கம் கல்லைச் சாமியாக்கச் சிற்பி தேவையில்லை. மஞ்சளும் ஒரு முழத் துணியும் போதும். இதே மூன்று கல்லும் இதே அலங்காரத்தோடு எங்கள் ஊர் வேப்பமரத்தடியில் இருந்தால் நானே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவேன்.

இந்த நாட்டில் வழிபாட்டுச் சிலைகளை உள்ளே கொண்டுவர அனுமதியில்லை. வேலைக்கு எடுக்கும்போதே சொல்லித்தான் எடுத்தார்கள். நானும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவன்.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

"கல்."

"சாமியா?"

"இல்லை சார். பாடத் துணைப்பொருள்." கடிதத்தை நீட்டினேன். 'ஏழாம் வகுப்பு அறிவியலுக்கான பாறை மாதிரிகள், மூன்று' என்று ஷரீஃபா மேடம் எழுதியிருந்தார்.

அவர் கடிதத்தைப் படித்தார். கல்லைப் பார்த்தார். "பாடத் துணைப்பொருளுக்கு ஏன் உடை?"

"என் அக்கா போட்டது."

"இந்தக் கல்லுக்கு இது தேவை என்று உங்கள் அக்கா நினைக்கிறாரா?"

"இல்லை சார். எனக்குத் தேவை என்று நினைக்கிறாள்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "எனக்கும் ஒரு அக்கா இருக்கிறாள்" என்றார். உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தார். துணியை எடுத்துவிட வேண்டும். பூச்சு முழுக்கப் போக வேண்டும். போனால் கல், அனுமதிக்கலாம். போகாவிட்டால் அனுமதிக்க முடியாது. கல்லை மட்டும் தனித்தனியாக எடை போட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டார்: மொத்தம் இரண்டாயிரத்து அறுநூறு கிராம். அந்தப் பக்கம் தேநீர் போடும் இடத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. சோப்பும் கொடுத்தார்.

அக்கா இழைத்த மஞ்சளைக் கடல் தாண்டி வந்து கழுவுகிறேனே என்று ஒரு நிமிடம் கை ஓடவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சோப்பைத் தேய்த்தேன்.

"நிறுத்துங்கள்! இது என்ன?" என்று அதிகாரி பின்னால் இரண்டு அடி போனார். கண்ணைத் திறந்தேன். தொட்டி முழுக்க ரத்தச் சிவப்பு.

மஞ்சளில் சோப்புக்காரம் பட்டால் சிவப்பாகும். இதே பிள்ளைகளுக்கு இதே வருடம் நானே நடத்திய பாடம். அதை மாலே சுங்க அலுவலகத்தில், கையில் ஒரு கல்லோடு, சிவப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆங்கிலத்தில் விளக்குவது வேறு அனுபவம். "ஓகேவா?" என்று முடித்தேன். அவர் சந்தேகமாகத் தலையாட்டினார்.

கருங்கல் சுத்தமாகிவிட்டது. வரிக்கல்லும் ஆனது. செம்பராங்கல் மட்டும் விடவில்லை. அது உடம்பெல்லாம் ஓட்டை. மஞ்சள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீருக்குள் அமுக்கினால் குமிழி குமிழியாக மேலே வந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். "காற்று எங்கிருந்து வருகிறது?" ஓட்டைக்குள் இருந்த காற்று வெளியே வருகிறது, தண்ணீர் அந்த இடத்துக்குப் போகிறது என்றேன். "அப்படியா!" என்று அவரே கையை விட்டு இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குப் பின், மேலே பூச்சு இல்லை, கறை மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டார். எனக்குப் போன உயிர் வந்தது.

திரும்ப எடை போட்டார். இரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.

"நான் அழுக்கை எடுக்கச் சொன்னேன். எடை எப்படிக் கூடியது?"

"செம்பராங்கல் தண்ணீர் குடித்துவிட்டது, சார்."

"உள்ளே வந்தது 2600. வெளியே போவது 2690. நான் எதை எழுத?" தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார். மற்ற இரண்டும் அதே எடை; பூச்சு போன ஒன்றிரண்டு கிராமை அந்தத் தராசு காட்டவில்லை. செம்பராங்கல் மட்டும் எண்ணூறிலிருந்து எண்ணூற்றுத் தொண்ணூறு. விஞ்ஞானம் தெளிவாகிவிட்டது, படிவம்தான் தெளியவில்லை. என் கடைசிப் படகுக்கு இருபது நிமிடம் இருந்தது. இரண்டை இப்போது எடுத்துப்போங்கள், மூன்றாவது காய்ந்து பழைய எடைக்கு வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒரு பிரதி கொடுத்தார். எடை கூடியதற்குக் காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: தண்ணீர்.

5

புதன்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பாறை எப்படித் தேய்ந்து மண்ணாகிறது, எது தண்ணீரை உள்ளே விடும் என்பதுதான் பாடம். அதன் கதாநாயகன் மாலேயில் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தான்.

"மேடத்துட்ட நேரா சொல்லிரும் வோய், கல்லு ஊறிப்போச்சுன்னு" என்றார் ஸ்டீபன் சார். ஆனால் அவர்தான் கடைக்காரரிடம் பேசி, உருளைக்கிழங்கு நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசை ஒரு காலைக்கு வாங்கிக் கொடுத்தார். இடிந்த சுவரிலிருந்து ஒரு பவளக்கல்லையும் நான் பொறுக்கி வந்தேன்.

வியாழன் காலை ஷரீஃபா மேடம் கடைசி பெஞ்சில். நான் பலகையில் இரண்டே எண் எழுதினேன்: 800, 890. "ஒரு கல்லைக் கழுவினார்கள். கழுவியபின் எடை கூடிவிட்டது. ஏன்?" சுங்கத்தில் நடந்ததைச் சொன்னேன், சிவப்புத் தண்ணீர் உட்பட. வகுப்பு சிரித்து அடங்க நேரமானது. அந்தத் தூங்கும் பையன்கள் இரண்டு பேரும் விழித்திருந்தார்கள்.

பிறகு கருங்கல்லையும் வரிக்கல்லையும் கையில் கொடுத்தேன். பதினாறு பேரும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். இப்ராஹிம் கருங்கல்லைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "நிறைந்துதான் இருக்கிறது, சார்" என்றான்.

பவளக்கல்லையும் சேர்த்து மூன்றையும் நிறுத்தோம். இருபது நிமிடம் வாளியில் போட்டோம். எதன் எடை கூடும் என்று ஆளாளுக்கு எழுதிவைத்தார்கள். கருங்கல்லின் எடை ஏறாது என்று நான் மிடுக்காகச் சொல்லிவிட்டுத் தராசில் வைத்தேன்.

ஆறு கிராம் கூடியிருந்தது.

மேடத்தின் பேனா எழுத ஆரம்பிப்பது எனக்கு இங்கே கேட்டது. இந்தத் தடவை என்னிடம் விடைத்தாள்கூட இல்லை.

ஆய்ஷத் கையைத் தூக்கினாள். "சார், நீங்கள் துடைக்கவில்லை."

கல்லிலிருந்து தண்ணீர் தராசில் வழிந்துகொண்டிருந்தது. துடைத்தேன். பழைய எடை, ஒரு கிராம் பிசகாமல். வரிக்கல்லும் அப்படியே. பவளக்கல்லைத் துடைத்து வைத்தபோது எண்பத்தைந்து கிராம் ஏறியிருந்தது. "எங்க கல்லும் குடிக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம், பிறகு எல்லோரும். தங்கள் வீட்டுச் சுவர் மழைக்காலத்தில் ஏன் ஓதம் காக்கிறது என்பதை மீதி நேரம் முழுக்க அவர்களே பேசினார்கள். எனக்கு வேலையில்லை. நான் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்ததும் மேடம் முன்னால் வந்தார். "ஆதாரம்?"

சுங்கத்தின் தாளை நீட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். "தேதி, கையெழுத்து, முத்திரை" என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "இரண்டு வருடத்தில் நீங்கள் கொடுத்த ஆதாரங்களில் ஓர் ஆள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டது இதுதான்." அப்போதுதான் முதல்முதலாகச் சிரித்தார்.

ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீண்டது. கூடவே ஒரு நிபந்தனை: எந்த விடைத்தாளையும் முதல்நாளே நான் செய்துபார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். கேட்ட பட்டியலில் இருபது தளங்களை எழுதிக் கொடுத்தேன். அவர் பதினேழை அடித்துவிட்டு, கீழே தன் கையாலேயே 'தராசு, வாளி, துணி' என்று சேர்த்தார்.

6

கழுவிவிட்டேன் என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தயங்கினேன். சொன்னபோது அவள் கேட்ட ஒரே கேள்வி: "மூணுலயுமா போயிருச்சு?"

"செம்பராங்கல்லுல மட்டும் போகலக்கா. சோப்புப் போட்டும் போகல."

"அது போதும்டா. அதான் வேலை நெலைச்சுச்சு" என்றாள். அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் நான் மறுத்திருக்க வேண்டும். ஒப்பந்தம் அப்போது என் கையில் இருந்ததால் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் மாலேயிலிருந்து அழைப்பு வந்தது. செம்பராங்கல் காய்ந்துவிட்டது, எடை எண்ணூறு, வந்து வாங்கிக்கொள்ளலாம். போனேன். அதிகாரி அதைப் பத்திரமாகச் செய்தித்தாளில் சுற்றிவைத்திருந்தார். வீட்டில் தன் பிள்ளைகளுக்குக் குமிழி காட்ட இதே மாதிரி ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டார். அப்பாவிடம் சொன்னேன். "எத்தனை கிலோ வேணுமாம்?" என்று உடனே எழுந்துவிட்டார். அக்காதான் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, சும்மா இருங்க. தம்பி, நான் கணக்குப் போட்டுட்டேன், கேட்டுக்க. மஞ்சள், சந்தனம், துணி நூத்தி பத்து. அப்பா கந்தர்வகோட்டை போயிட்டு வந்தது, டீச் செலவோட நூத்தி நாப்பது. நான் புதுக்கோட்டைக்குப் போயிட்டு வந்தது அறுவது. கூரியர் நாலாயிரத்து எண்ணூறு. நீ ரெண்டு தடவ போட்ல போனது எவ்வளவு, நம்ம காசுல சொல்லு."

"ஏழாயிரத்து எழுநூறுக்கா."

அவள் கூட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் அப்பா, "அந்தக் காசுக்கு இங்க ரெண்டு லோடு ஜல்லி எறக்கிரலாமே" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

"பன்னெண்டாயிரத்து எண்ணூத்திப் பத்து. அடுத்த தடவ மதிப்பு எவ்வளவுன்னு கூரியர்க்காரரு கேட்டா, இதத்தான் எழுதச் சொல்லுவேன்."